பெரியப்பாவுக்கு வந்தது காய்ச்சல் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் "அப்பா, பதினாறு வயசுல எனக்கு என்னதான் ஆச்சு, பாப்பாவோட டாக்டர் கேட்டா என்ன சொல்ல" என்று கேட்டாய். பக்கத்தில் உங்கம்மா இருந்தாள். நான் மழையைப் பற்றிப் பேசி வைத்துவிட்டேன். இரண்டு ராத்திரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. வாயில் வராதது கையில் வரும் என்று எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படி.

நம் பேத்தி பாப்பாவுக்கு திங்கட்கிழமை காலையில்தான் வயிற்றுவலி வருகிறது, சனி ஞாயிறில் இல்லை, ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை என்றாய். "நடிக்கிறா" என்று மருமகள் சொன்னதாகவும் சொன்னாய். அவளைக் கோபிக்காதே. இதே வார்த்தையை உன் முகத்துக்கு நேராகச் சொன்னவன் நான். ஆனால் அந்த வலி நிஜம் தம்பி. பயம் ஏறினால் வயிறு உண்மையிலேயே முறுக்கும், நெஞ்சு படபடக்கும், தலை வலிக்கும். பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வார்த்தை கிடைப்பதில்லை, உடம்பு சொல்லிவிடுகிறது.

இனி உன் கதை. பத்தாம் வகுப்பில் நீ நல்ல மார்க் எடுத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவன் மகன் டாக்டராவான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, 2001 ஜூனில் உன்னைக் கொண்டுபோய் ஒரு விடுதிப் பள்ளியில் விட்டேன். காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டால் ராத்திரி பதினோரு மணி வரை படிப்பு. மார்க் வரிசைப்படி உட்கார வைப்பார்கள், குறைந்தவனை எல்லார் முன்னாலும் அடிப்பார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கே தெரிந்திருந்தாலும் "படிக்கத்தானே அடிக்கிறார்கள்" என்றுதான் சொல்லியிருப்பேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆறு வாரத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாய். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்குமோ என்னவோ. நீ எரிந்து விழுந்தாய். தட்டைத் தள்ளினாய், உங்கம்மாவை எடுத்தெறிந்து பேசினாய், பகலெல்லாம் படுத்துக் கிடந்து ராத்திரியெல்லாம் முழித்திருந்தாய், கிரிக்கெட் மட்டையைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டாய். நான் திமிர் என்றேன், சோம்பேறித்தனம் என்றேன். ஒருநாள் பெல்ட்டால் அடித்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. சிறுவயதுப் பிள்ளைகளுக்கு வரும் மனச்சோர்வு பெரியவர்களுக்குப் போல அழுகையும் வாட்டமுமாக மட்டும் வராது, எரிச்சலாகவும் கோபமாகவும் வரும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னபோது அந்த பெல்ட்தான் கண்முன் நின்றது.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றாள் உன் அத்தை. ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போய் ஒரு மாதம் விட்டால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். நானும் புறப்படத் தயாராகத்தான் இருந்தேன். அந்த வாரம்தான், 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் செத்துப் போனார்கள். பேப்பரில் படத்தைப் பார்த்துவிட்டு உங்கம்மா திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாமி கும்பிடுவதை நான் தப்புச் சொல்லவில்லை, மனசுக்குத் தெம்பு தருகிற இடம் எதுவானாலும் போகலாம். ஆனால் அன்றைக்கு நான் தேடியது தெம்பு இல்லை, ஊர் கண்ணில் படாமல் உன்னை வைக்க ஓர் இடம். அதை நினைத்தால் இன்னும் உடம்பு நடுங்குகிறது.

அதற்குப் பிறகும் மூன்று மாதம் போக்கினேன். கார்த்திகையில் உங்கம்மாதான், என்னிடம் கேட்காமல், உன்னைப் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப் போனாள். இரண்டாம் தடவை நானும் போனேன். அந்த டாக்டர் எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு உன்னோடு தனியாகப் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, பையனுக்குச் சாகலாம் என்ற எண்ணம் வந்து போகிறது என்று நிதானமாகச் சொன்னார். "அவனிடம் அதையெல்லாம் கேட்கலாமா, கேட்டால் தோன்றாததும் தோன்றிவிடாதா" என்றேன். கேட்பதால் அந்த எண்ணம் வராது, ஏற்கெனவே இருப்பதைச் சொல்லத்தான் வழி பிறக்கும் என்றார். பருத்திக்கு அடிக்கிற மருந்தை வீட்டில் வைக்காதீர்கள், மாத்திரையை அம்மா கையில் வைத்து வேளைக்கு வேளை கொடுக்கட்டும் என்றார். அன்று சாயங்காலமே மருந்து டப்பாக்களை எடுத்துக்கொண்டு போனேன். எங்கே போகிறாய் என்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

மாத்திரை பேர் ஃப்ளுவாக்ஸெடின். உடனே கேட்காது, நாலு முதல் ஆறு வாரம் ஆகும், முதல் சில வாரம் கூடுதலாகக் கவனியுங்கள், படபடப்போ சாவு நினைப்போ கூடினால் அந்த நிமிஷமே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். வாரா வாரம் பேச்சும் இருந்தது. தினம் சின்னதாக ஒரு வேலை எழுதிக் கொடுப்பார். முதல் வாரம் குளித்துவிட்டுத் தெருமுனை வரை நடந்து வருவது. அடுத்து நூலகம். அதற்கடுத்து பழைய சிநேகிதன் வீடு. பொங்கல் கழிந்து ஒருநாள் நீ தோசைக்கு இரண்டாம் தடவை சட்னி கேட்டாய், உங்கம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள். சரியாகிவிட்டதே, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நான் அவசரப்பட்டேன். அவர் விடவில்லை, அடுத்த வருஷக் கடைசியில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். 2002 ஜூனில் நம்மூர்ப் பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாய். ஒரு வருஷம் வீணாகிவிட்டது என்று ஊரில் பேசினார்கள். உன்னைக் காப்பாற்றிக் கொடுத்த வருஷம் அதுதான்.

இப்போது எழுதப் போவதுதான் கஷ்டமானது.

நான் வந்த முதல் நாளே அந்த டாக்டர், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய். உன் பெரியப்பா 1978இல் காய்ச்சலில் போனதாகத்தான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். அது காய்ச்சல் இல்லை தம்பி. அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயசு. ஒரு வருஷமாக யாரோடும் பேச்சில்லை, சாப்பாடு இல்லை, தாத்தா அவனை ஒன்றுக்கும் உதவாதவன் என்று திட்டிக்கொண்டே இருந்தார். அவனாகத்தான் உயிரை விட்டான். அந்தக் காலத்தில் தப்பிப் பிழைத்தவன் மேலேயே போலீஸ் கேஸ் போடுவார்கள், போனவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், அதனால் வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள். 2017 மனநலச் சட்டம் வந்த பிறகு, அப்படி முயன்றவர் தாங்க முடியாத மனஅழுத்தத்தில் இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், அரசாங்கம் சிகிச்சை தர வேண்டும் என்று ஆகியிருக்கிறது. என் அண்ணன் காலத்தில் அது இல்லை.

இதைப் பாப்பாவின் டாக்டரிடம் மறைக்காமல் சொல். குடும்பத்தில் இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான், வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் தெரிந்த டாக்டர் முன்கூட்டியே கவனிப்பார். உனக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொண்டது என்பதும் அவருக்கு உதவும். பழைய ஐகிரவுண்ட் சீட்டு டிரங்குப் பெட்டியில் அப்படியே இருக்கிறது, கொண்டு வருகிறேன்.

நீ பெங்களூரில் இருப்பது ஒரு நல்லது, நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. முதலில் ஒருவரிடம் பேசிப் பார்க்கலாம் என்றால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். மாத்திரை என்றதும் பயப்படாதே, எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை தேவைப்படாது, பலருக்குப் பேச்சுச் சிகிச்சையே போதும். உலகத்தில் பத்து முதல் பத்தொன்பது வயசுக்குள் ஏழில் ஒரு பிள்ளைக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியென்றால் அவள் வகுப்பிலேயே நாலைந்து பேர் இருப்பார்கள், யாரும் வெளியில் சொல்வதில்லை.

பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று ஒரேயடியாக நிறுத்திவிடாதே. பயந்த இடத்தை விட்டு விலக விலக பயம் பெரிதாகும். அடித்து இழுத்துக்கொண்டும் போகாதே. டாக்டரையும் வகுப்பு டீச்சரையும் சேர்த்துவைத்துப் பேசி, முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று கொண்டு போ. அதற்கு முன்னால் அங்கே யாராவது அவளைச் சீண்டுகிறார்களா, போனில் எதையாவது அனுப்புகிறார்களா என்று விசாரி. நான் விசாரிக்கவில்லை. அப்புறம் தூக்கம். பதின்ம வயசுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும், ராத்திரியில் போன் ஹாலில் இருக்கட்டும், உன் போனும்தான், அவளுடையதை மட்டும் வாங்கினால் தண்டனையாகிவிடும். வீட்டில் மாத்திரைகளைப் பூட்டி வை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எப்படியாவது வீட்டுக்கு வந்துவிடு. மார்க்கைக் கேட்காதே, அவள் பேசாவிட்டாலும் பக்கத்தில் இரு. உன் ஐந்து மாதத்தில் நான் உன் பக்கத்தில் உட்காரவே இல்லை.

வியாழக்கிழமை ராத்திரி ரயிலுக்கு இரண்டு டிக்கெட் போட்டாயிற்று, நானும் உங்கம்மாவும் வருகிறோம். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் தேவைப்பட்டால் அண்ணனைப் பற்றி நானே சொல்கிறேன். அம்மாவுக்கு நான் இதை எழுதுவது தெரியும், அவள்தான் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். தாத்தா பாட்டி எதற்கு வருகிறார்கள் என்று பாப்பா கேட்டால், சும்மா பார்க்க என்று சொல்லிவிடாதே. உன் வயிற்றுவலிக்காகத்தான் வருகிறார்கள், அப்பாவுக்கும் சின்ன வயசில் இப்படி இருந்தது என்று சொல்.

அன்புடன்
அப்பா
கோவில்பட்டி