திரும்பப் பெறச் சொன்னோம், காரணத்தை மறைக்கச் சொல்லவில்லை

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
ஆய்விதழ் பதிப்பு நிறுவனம்

பொருள்: எங்கள் கட்டுரை பற்றிய அறிவிப்பைத் திருத்தி வெளியிடக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். வெளியீட்டுக் கட்டணம் முழுவதையும் கட்டி உங்கள் இதழில் கட்டுரை வெளியிட்டவள் நான். அந்தக் கட்டுரை தப்பு என்று உங்களிடம் முதலில் வந்து சொன்னதும் நான்தான்.

கட்டுரை வெளியாகி ஏழு மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த மாணவி எங்கள் தரவை வைத்துக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். எங்களுக்கு வந்த விடை அவளுக்கு வரவில்லை. இரண்டு நாள் தேடியதில் பிடிபட்டது. இரண்டு எக்செல் தாள்களைச் சேர்த்தபோது ஒன்றில் ஒரு வெற்று வரி இருந்திருக்கிறது. 43-ஆம் வரிக்குக் கீழே ஒவ்வொருவருடைய அளவீடும் அடுத்தவர் எண்ணுக்கு நேராகப் போய் உட்கார்ந்துவிட்டது. சரிசெய்து போட்டால் மருந்துக்கும், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கும் வித்தியாசமே இல்லை. முடிவே போன பிறகு பிழைதிருத்தம் போட்டு என்ன பயன்? அன்று மாலையே நாங்கள் நால்வரும் கையெழுத்திட்டு, இரண்டு தாள்களையும் இணைத்து, கட்டுரையைத் திரும்பப் பெறும்படி உங்களுக்கு எழுதினோம்.

பதினொரு மாதம் ஆனது. "பரிசீலனையில் உள்ளது" என்ற தானியங்கிப் பதில் நான்கு முறை வந்தது. இதழாசிரியர் மாறிவிட்டார், மறுபடி அனுப்புங்கள் என்று ஒருமுறை. கொரோனா காலத்தில் லான்செட் மருத்துவ இதழ் 2020 மே 22-இல் வெளியிட்ட, ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றிய கட்டுரையை ஜூன் 4-இல் திரும்பப் பெற்றது. பதின்மூன்றே நாள். அங்கே மூலத் தரவு தணிக்கைக்குக்கூடக் கிடைக்கவில்லை. நாங்களோ தப்பையும் ஆதாரத்தையும் கையில் கொடுத்தோம். இந்த இடைவெளியில் ஆறு கட்டுரைகள் எங்களை மேற்கோள் காட்டிவிட்டன. அதில் ஒன்று பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வு. அதை எழுதியவருக்கு நானே மடல் போட்டு எங்கள் எண்ணை எடுத்துவிடச் சொன்னேன். அது உங்கள் வேலை.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் நீங்கள் போட்ட அறிவிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. "ஆசிரியர்களின் வேண்டுகோளின்படி இக்கட்டுரை விலக்கிக்கொள்ளப்பட்டது." அவ்வளவுதான். நாங்கள் தரவை இட்டுக்கட்டி மாட்டிக்கொண்டோம் என்றுதானே படிப்பவர்கள் நினைப்பார்கள்? எங்கள் கட்டுரையின் முதல் ஆசிரியர் இப்போதுதான் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு வரியைப் படிக்கவும் சந்தா கேட்கிறீர்கள். பிடிஎஃப்பை இறக்கி அச்செடுத்துப் பார்த்தேன். ஒன்பது பக்கத்தில் ஒன்றில்கூட 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரை இல்லை.

உங்கள் தளத்தில் 'கோப்' எனப்படும் பதிப்பு நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் சின்னம் இருக்கிறது. யார் திரும்பப் பெறுகிறார்கள், ஏன் பெறுகிறார்கள் என்று அறிவிப்பு சொல்ல வேண்டும், அதை எல்லோரும் இலவசமாகப் படிக்க முடிய வேண்டும் என்கிறது அந்தக் குழுவின் வழிகாட்டி. நோபல் பெற்ற ஃபிரான்சஸ் அர்னால்டு, 2019-இல் சயன்ஸ் இதழில் வந்த தன் குழுவின் கட்டுரையை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றார். சோதனை மறுபடி செய்தபோது அதே விளைவு வரவில்லை, ஆய்வகக் குறிப்பேட்டில் பதிவுகள் விடுபட்டிருந்தன என்று காரணம் வெளிப்படையாக அச்சானது. எங்களுக்கும் அந்த நேர்மைதான் வேண்டும்.

ஆகவே புதிய அறிவிப்பைக் காரணத்தோடு, கட்டணமில்லாமல் படிக்கும்படி வெளியிடுங்கள். கட்டுரைப் பக்கத்தில் அதற்கு இணைப்பு கொடுங்கள், பிடிஎஃப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை இடுங்கள். கட்டுரையை அழிக்க வேண்டாம், தப்பு எங்கே என்று தெரிய அது இருக்கத்தான் வேண்டும். அறிவிப்பின் வாசகத்தை 43-ஆம் வரி உட்பட நாங்களே எழுதி இணைத்திருக்கிறோம்.

உங்கள் புகார் நடைமுறை முடிந்த பிறகுதான் கோப்பிடம் போக முடியும் என்பதால் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். பதினைந்து நாளுக்குள் பதில் வேண்டும். இந்த முறை ஒரு மனிதர் எழுதிய பதிலாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தொடர்புக்குரிய ஆசிரியர்
(உடன் எழுதிய மூவரின் சம்மதத்தோடு)