கழுத்து வலின்னா உடனே ஆபரேஷனா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

என் தம்பிக்கு 27 வயசு, திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஓவர்லாக் தைக்கிறான், ஒன்றரை ஷிப்ட் குனிஞ்ச தலை நிமிராம உக்காந்து ரொம்ப நாளாவே கழுத்து வலி, எம்ஆர்ஐ எடுத்தா சி5-சி6 டிஸ்க் (கழுத்துல அஞ்சாவது, ஆறாவது எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற வட்டு) பிதுங்கியிருக்குன்னு வந்துச்சு, அந்த ஒத்த வரியை வச்சே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பிளேட் வச்சிரலாம்னு தேதி வரைக்கும் குடுத்துட்டாங்க. கை மரத்துப்போகுதான்னு ஒரு வார்த்தை கேக்கல.

வேற டாக்டர்கிட்ட காட்டுனோம். அவர் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், சுத்தியால முழங்கையிலயும் முட்டியிலயும் தட்டினார், சட்டை பட்டனைக் கழட்டி மாட்டச் சொன்னார், நேர்கோட்டுல நடக்க விட்டார். எல்லாம் சரியா இருந்துச்சு. நரம்பு அழுந்தாம வெறும் கழுத்து வலி மட்டும்னா கத்தி வைக்கிறதுல பெருசா பலன் இருக்காதுன்னுட்டார்.

ஜப்பான்ல வலியே இல்லாத 1,200 பேருக்கு மேல எம்ஆர்ஐ எடுத்து 2015ல வெளியிட்டாங்க, இருபது வயசுக்காரங்கள்லயே முக்கால்வாசிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்துச்சு. இதை ரிப்போர்ட் குடுக்கும்போதே சொன்னா என்னங்க? பிளேட் வச்சு ரெண்டு எலும்பை ஒண்ணாச் சேத்துட்டா மேலயும் கீழயும் இருக்குற டிஸ்க்குக்கு பாரம் கூடும், பத்து வருஷத்துல நாலுல ஒருத்தருக்கு அங்கயும் பிரச்சினை வரலாம்னு 1999ல வந்த ஆராய்ச்சி சொல்லுது. 27 வயசுப் பையனுக்கு இன்னும் எத்தனை பத்து வருஷம் இருக்கு!

ஆபரேஷனே தப்புன்னு சொல்லல. கையில பலம் குறைஞ்சுட்டே போனா, பட்டன் போட முடியலன்னா, நடை தள்ளாடினா, ஒண்ணுக்கு அடக்க முடியலன்னா ஒரு நாள்கூட தள்ளிப்போடக் கூடாது, அப்பப் போய் எண்ணெய் தேச்சு நீவி விடுறதுதான் ஆபத்து.

மத்தவங்களுக்கு பயிற்சியும் ஓய்வும் வேணும், ஆனா ஃபிசியோவுக்குப் போனா அன்னிக்குக் கூலி போச்சு. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) இருக்குறவங்களுக்கு டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீத சம்பளம் உண்டு, தகுதி இருந்தும் எங்க லைன்ல பாதிப்பேருக்கு இது தெரியாது, பீஸ் ரேட்ல இருக்குற பலருக்கு இஎஸ்ஐயே கிடையாது.

அதனால ஆபரேஷன் தேதி குடுக்குறதுக்கு முன்னாடி எதுக்காகப் பண்றோம், பண்ணலன்னா என்ன ஆகும்னு தமிழ்ல எழுதிக் குடுக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போடணும். உங்க மருத்துவப் பக்கத்துல அரசு ஆஸ்பத்திரி முதுகுத்தண்டு டாக்டர் ஒருத்தரை இதைப் பத்தி எழுத வைங்க, கம்பெனி நோட்டீஸ் போர்டுல வெட்டி ஒட்டுறது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருப்பூர்