இடப்பக்கத்தைத் திருப்பித் தந்தவர்களுக்கு

அன்புள்ள தெரபி பிரிவினருக்கும், வார்டு செவிலியர்களுக்கும், பக்கத்துக் கட்டில் அண்ணனுக்கும், என் மனைவிக்கும்,

நேரில் சொல்ல வந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு. இடது கையும் காலும் சீக்கிரமே தேறிவிட்டன, பேச்சு குழறவில்லை, கண் பரிசோதனையிலும் குறை இல்லை. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் தப்பித்துவிட்டதாகச் சொன்னார்கள். இடது தோள் மட்டும் கதவு நிலையில் அடிக்கடி இடித்தது. நிலை குறுகல் என்பது என் கட்சி.

முதல் நன்றி ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அம்மாவுக்கு. பெரிய நட்சத்திரம், சின்ன நட்சத்திரம், எழுத்து, சொல் எல்லாம் இறைந்து கிடக்கும் தாளைக் கொடுத்து, சின்ன நட்சத்திரங்களை மட்டும் அடிக்கச் சொன்னீர்கள். எண்ணிக்கையில் சேர்பவை 54. நான் விட்டது இரண்டே இரண்டு. மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறவர் என்றால் அங்கேயே கோப்பை மூடியிருப்பார். நீங்கள் என் பேனா போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள் பெரும்பாலும் இடது பக்கத்தில்தான் தொடங்குவார்களாம்; நான் தொடங்கியது வலது மேல் மூலையில். விட்ட இரண்டும் இடது ஓரத்தில். அமைதியான அறையில், நேரக் கெடு இல்லாமல் தேடினால் லேசான புறக்கணிப்பு, அதாவது கண் தெரிந்தும் கவனம் ஒரு பக்கத்துக்குப் போகாத குறை, தாளில் பிடிபடாமல் போகும் என்று அன்று விளக்கினீர்கள். தெருவில் யார் நமக்கு அவ்வளவு அவகாசம் தருகிறார்கள்?

அப்புறம் நரம்பு உளவியல் பிரிவுத் தம்பி. கணினித் திரையில் இடதிலோ வலதிலோ இரண்டிலுமோ ஒரு புள்ளி மின்னி மறையும். எங்கே என்று சொல்ல வேண்டும். தனியாக வந்த இடது புள்ளிகளைச் சரியாகச் சொன்னேன். இரண்டும் சேர்ந்து வந்தபோது வலது மட்டுமே என்றேன். பிறகு நடுவில் தோன்றும் எழுத்தையும் கூடவே வாசிக்கச் சொன்னீர்கள். அவ்வளவுதான், தனியாக வந்த இடது புள்ளிகளும் கைவிட்டுப் போயின. திரை பழுது என்று நான் சொன்னதற்குச் சிரிக்காமல், மறுபடி ஓட்டிக் காட்டினீர்களே, அந்தப் பொறுமைக்குத் தனி நன்றி. கண் பார்க்கிறது, கவனம் அந்தப் பக்கம் போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இடப்பக்கக் கட்டில் அண்ணா, நீங்கள் கூப்பிட்டால் நான் வலப்பக்கம் திரும்பிப் பதில் சொல்வதை முதலில் கவனித்துச் செவிலியரிடம் சொன்னது நீங்கள்தான். மரியாதை தெரியாதவன் என்று நினைத்து விட்டிருந்தாலும் குற்றமில்லை.

செவிலியர்களும் என் மனைவியும் செய்தது மெனக்கெட்ட வேலை. இந்தப் புறக்கணிப்பை அளக்கக் கேத்தரீன் பெர்ஜெகோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. தாடி மழிப்பது, இடது சட்டைக் கையை இழுத்துவிடுவது, தட்டின் இடது பாதியில் இருப்பதைச் சாப்பிடுவது, இடது பக்கப் பொருள்களில் மோதுவது என அன்றாடக் காரியங்கள் பத்து. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். கூடக்கூடக் குறை அதிகம். எனக்கு நானே போட்டது மொத்தம் பூஜ்யம். என்னைக் கவனித்தவர்கள் போட்டது 7. பத்து வரைக்கும் லேசானது என்றுதான் கணக்கு. ஆனால் அந்த ஏழுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் தெரபிஸ்டுக்கு அதிகம் தேவைப்பட்ட தகவல். குறை இருப்பது தெரியாதவன் தலையைத் திருப்பித் தேட மாட்டான் அல்லவா. இடது கன்னத்தில் மழிக்காமல் விட்ட கீற்றைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டி என் வாயை அடைத்தவள் மனைவி.

பயிற்சி பற்றிச் சுருக்கமாக: படிக்கும் பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்புப் பட்டை, அது கண்ணில் படும்வரை அடுத்த வரிக்குப் போகக் கூடாது. நடைப்பயிற்சியில் பிசியோதெரபிஸ்ட் வேண்டுமென்றே என் இடப்பக்கம் நின்றே பேசுவார். அலுப்பான வேலைதான், பலன் தெரிகிறது.

கார் ஓட்டுவது இன்னும் முடிவாகவில்லை. மறுபரிசோதனையும், அதன் பிறகு சாலையில் ஓட்டிக் காட்டும் சோதனையும் முடியும்வரை சாவி மனைவியிடம்தான் இருக்கும். கேட்க மாட்டேன் என்று இதோ எல்லார் முன்னிலையிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நன்றியுடன்,
உங்கள் பழைய நோயாளி