மிகுவின் கால்கள் தரையைத் தொட வேண்டும்

அன்புத் தங்கைக்கு,

ஜப்பானிய அனிமே பாத்திரங்கள் பாடி ஆடும் மேடை நிகழ்ச்சி ஒன்றைச் சிங்கப்பூரில் உங்கள் குழு நடத்தப் போவதாக எழுதியிருந்தாய். அரங்கம், ப்ரொஜெக்டர், உரிமம், ரசிகர்கள் என்று நான்கு பக்கமும் வேலை இழுக்கும்போது எதை முதலில் பிடிப்பது என்று கேட்டிருந்தாய். பாத்திரம் அங்கே நிற்கிறது என்று பார்ப்பவர் நம்ப வேண்டும். எது அந்த நம்பிக்கையைக் கெடுக்கிறதோ அதையே முதலில் பிடி. மற்றவற்றைப் பணம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

ஹட்சுனே மிகுவையே எடுத்துக்கொள்வோம். சப்போரோவில் உள்ள கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா 2007 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்ட, பாடும் குரலை உருவாக்கும் மென்பொருளின் முகம் அவள். தொடரிலோ திரைப்படத்திலோ பிறந்தவள் இல்லை, கதை கூடப் பெரும்பாலும் ரசிகர்கள் எழுதியதுதான். 2010 மார்ச் 9 அன்று டோக்கியோவின் ஸெப் அரங்கில் தனிக் கச்சேரி நடந்தது. 2011 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனாள், அதே ஆண்டு நவம்பரில் உன் ஊருக்கே வந்தாள். 2014 மே மாதம் ஜகார்த்தாவில் தொடங்கிய மிகு எக்ஸ்போ என்ற கச்சேரிச் சுற்று அதன் பிறகு அமெரிக்கா, ஐரோப்பா என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. போன இடங்களில் பெரும்பாலும் ரசிகர்களைக் கட்டிப்போட்டது ஒளி ஊடுருவும் ஒரு தட்டையான திரையும் அதன் முன்னும் பக்கத்திலும் நின்று வாசிக்கும் உண்மையான இசைக்குழுவும்தான்.

அது ஹோலோகிராம் இல்லை. ஒளி ஊடுருவும் பலகையில் ஒளியைச் சிதறடிக்கும் மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். பின்னாலிருந்து ப்ரொஜெக்டர் அதன்மேல் படம் வீசும். படத்தில் கறுப்பு உள்ள இடத்தில் ஒளி விழாது, அங்கே பார்வை திரையைத் தாண்டிப் பின்மேடைக்குப் போய்விடும். பாத்திரம் மட்டும் காற்றில் மிஞ்சும். வித்தை முழுவதும் இந்தக் கறுப்பில்தான் இருக்கிறது, சிக்கலும் அங்கேதான். ப்ரொஜெக்டரின் கறுப்பு உண்மையில் முழுக் கறுப்பு இல்லை. காண்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், குறைந்த கருவியை வைத்தால் பாத்திரத்தைச் சுற்றி மங்கலான சாம்பல் செவ்வகம் தெரியும், அது தெரிந்த நொடியில் ரசிகர் திரையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். கருவியை வாடகைக்கு எடுக்கும்போது லூமனை (அது வீசும் மொத்த ஒளியின் அளவு) பார்ப்பதற்கு முன் காண்ட்ராஸ்ட்டைப் பார். பின்மேடை முழுவதும் பளபளப்பில்லாத கறுப்புத் துணி கட்டு.

இதே காரணத்தால் கறுப்பு முடி, கறுப்பு உடை உள்ள பாத்திரங்கள் மேடையில் ஓட்டையாகிவிடும். மிகுவின் நீலப்பச்சை முடி இந்தத் திரைக்கென்றே பிறந்தது போல இருக்கிறது. ஆனால் அவளுடைய பாவாடையும் காலுறையும் இருண்டவை. அவற்றின் ஓரத்தில் அனிமேஷனிலேயே மெல்லிய வெளிச்சக் கோடு சேர்க்கவேண்டும், உடையைக் கறுப்புக்குப் பதில் கருநீலச் சாம்பலாக வைக்கவேண்டும். நிறத்தில் இப்படிக் கை வைக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளரின் ஒப்புதல் தேவை. ஆகவே மேடையில் சோதித்துப் பார்த்துவிட்டுக் கேட்கலாம் என்று இருக்காதே, முன்பே மாதிரி அனுப்பிவிடு.

இடக்கணக்கைச் சொல்கிறேன், பெரும்பாலான அரங்குகள் இதில்தான் அடிபடும். 6 மீட்டர் அகலப் படம் வேண்டும் என்று வை. 16:9 விகிதத்தில் உயரம் ஏறக்குறைய 3.4 மீட்டர். லென்ஸின் த்ரோ விகிதம் (திரைவரை உள்ள தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தது) 0.8 என்றால் திரைக்கும் லென்ஸுக்கும் இடையே 4.8 மீட்டர் வேண்டும். கருவியின் உடல், வெப்பக்காற்று வெளியேற இடம், ஆள் நடக்கும் வழி எல்லாம் சேர்த்தால் திரைக்குப் பின்னால் ஆறரை மீட்டர் போய்விடும். திரைக்கு முன்னால் டிரம்ஸும் கிட்டாரும் நிற்க மூன்று, நான்கு மீட்டர். அரங்கின் இணையதளத்தில் போட்டிருக்கும் மேடை ஆழத்தை நம்பாதே, திரைச்சீலைக் குழாய்களும் பின்சுவர்க் குழாய்களும் அதில் பாதியைத் தின்றிருக்கும்.

லென்ஸைத் திரையின் நடுமட்டத்தில் வைக்காதே. படலம் சிதறடிக்காத ஒளி நேரே ஊடுருவி வரும், எதிர்வரிசையில் இருப்பவர் கண்ணில் லென்ஸ் சூரியன்போல் அடிக்கும். கருவியை உயரத்தில் தொங்கவிட்டு, மிச்ச ஒளி முன்மேடைத் தரையில் விழும்படி சாய். சாய்வால் கோணலாகும் படத்தை, அதை ஓட்டும் கணினியான சர்வரில் நிமிர்த்திக்கொள்ளலாம்.

வெளிச்சக் கணக்கு இதைவிடக் கடுமை. 20,000 லூமன் கருவி அந்தப் பரப்பில் பரவினால் ஏறத்தாழ 1,000 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்). முன்பக்கத்திலிருந்து 100 லக்ஸ் தவறி விழுந்தாலே வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் பத்துக்கு ஒன்றாகச் சுருங்கிவிடும். இசைக்குழுவுக்குப் பக்கவாட்டிலிருந்தும் தலைக்கு மேலிருந்தும் குறுகிய கற்றைகள் மட்டும் கொடு. வெள்ளைத் தரைவிரிப்பு வேண்டாம். புகை மூட்டத்தைக் குறைவாக வை, கூடினால் ப்ரொஜெக்டரின் கற்றையே கூம்பாகத் தெரிந்து ரகசியம் உடையும். உள்ளூர் விளக்குக் கலைஞர்கள் பொதுவாக ராக் கச்சேரிப் பழக்கத்தில் புகையும் வெளிச்சமும் அள்ளிக் கொட்டுவார்கள். ஒத்திகைக்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து பேசிவிடு.

இவ்வளவு தொல்லை எதற்கு, எல்.இ.டி. சுவர் வைத்துவிடலாமே என்று தயாரிப்பாளர் கேட்பார். ஆழம் மிச்சம், ஏற்றி இறக்குவது எளிது, வெளிச்சமும் தாராளம். 2024 வட அமெரிக்கச் சுற்றில் மிகு எல்.இ.டி. திரையில்தான் வந்தாள். டிக்கெட் வாங்கிய ரசிகர்கள் வெளிப்படையாக வருந்தினார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. எல்.இ.டி.யில் கறுப்புக்குப் பின்னால் ஒன்றுமில்லை, சுவர்தான். பாத்திரம் பெரிய தொலைக்காட்சிக்குள் போய்விடுகிறது, இசைக்குழுவோடு ஒரே காற்றில் நிற்பதில்லை. செலவு காரணமாக எல்.இ.டி.தான் என்று முடிவானால், டிக்கெட் விற்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

இனிக் கால்கள். திரையின் அடிவிளிம்புக்கும் மேடைக்கும் நடுவே 10 செ.மீ. சட்டம் தெரிந்தாலும் பாத்திரம் மிதக்கும். விளிம்பை மேடைப் பலகைக்குள் இறக்கி மறை. நிழலை அனிமேஷனில் காலடியில் போடு. அளவும் முக்கியம். மிகுவின் உயரம் 158 செ.மீ., ஆனால் 40 மீட்டர் தொலைவில் அது பார்வையில் இரண்டே கால் டிகிரிதான், நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம். சற்றுப் பெரிதாக்கலாம், பக்கத்தில் நிற்கும் கிட்டார் கலைஞர் குள்ளமாகத் தெரியும்வரை போகாதே. தட்டைத் திரை என்பதால் ஓர இருக்கையிலிருந்து பாத்திரம் ஒடுங்கிவிடும். நடுக்கோட்டிலிருந்து 45 டிகிரிக்கு வெளியே உள்ள இருக்கைகளை விற்காமல் விடுவதுதான் நேர்மை. கணக்குப் பிள்ளை முகம் சுளித்தாலும் சரி.

ஒத்திசைவுக்கு ஒரே கடிகாரம் வேண்டும். பாத்திரத்தின் குரல், படம், விளக்குக் கட்டளை, டிரம்மரின் காதில் விழும் தாளக் கிளிக் நான்கும் ஒரே டைம்கோடிலிருந்து (நேரத்தைக் காட்டும் எண்குறி) ஓடட்டும். வினாடிக்கு 60 பிரேமில் ஒரு பிரேம் 16.7 மில்லி விநாடி. சர்வரும் ப்ரொஜெக்டரும் சேர்ந்து மூன்று பிரேம் தாமதித்தால் 50 மில்லி விநாடி. பதறி ஒலியைத் தாமதப்படுத்திவிடாதே. ஒலிபெருக்கியிலிருந்து 17 மீட்டர் தள்ளி உட்காருபவருக்கு ஒலி போய்ச்சேரவே அவ்வளவு நேரம் ஆகும், அங்கே தானாகவே பொருந்திவிடும். நடுவரிசையில் நின்று, வெள்ளைப் பிரேமும் ஒரு தட்டலும் சேர்ந்த சோதனைக் காட்சியை வினாடிக்கு 240 பிரேமில் போனில் எடுத்து எண்ணிப் பார், பிறகு முடிவெடு.

பேச்சுப் பகுதியில் வெளிநாட்டு மேடை தனியாகச் சோதிக்கும். உள்ளூர் மொழியில் பாத்திரம் வணக்கம் சொன்னதும் ஆரவாரம் எவ்வளவு நேரம் நீளும் என்று யாராலும் கணிக்க முடியாது. வசனத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, இடையே மூச்சுவிட்டு நிற்கும் காட்சியைச் சுழலவிட்டு, அடுத்த துண்டை இயக்குநர் கையால் தட்டிவிடும்படி வை. பாடல் வரிகளை மொழிபெயர்க்காதே, பக்கத்திரையில் துணைத்தலைப்பு போதும். 2024இல் லண்டன் கொலிசியத்தில் அதே பெயர் கொண்ட அனிமே திரைப்படத்தை மேடையாக்கிய ஸ்பிரிட்டட் அவே நாடகம் ஜப்பானிய மொழியிலேயே நடந்தது, ஆங்கிலத் தலைப்புகளோடு அரங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

மின்சாரம்: ஜப்பானில் 100 வோல்ட், உன்னிடம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கிருந்து வரும் பெட்டிகளில் எது இரண்டையும் தாங்கும் என்று ஒவ்வொன்றாகப் பின்பக்க முத்திரையைப் படித்துப் பட்டியல் போடு. நிகழ்ச்சியை வினாடிக்கு 59.94 பிரேமில் படம்பிடித்தால் உள்ளூர் விளக்குகள் கேமராவில் கோடு கோடாக மினுக்கும். கேமரா ஷட்டரை 1/100 வினாடியில் வைத்தால் அடங்கும்.

உரிமத்தில் மிகுவுக்கும் தொடர் அனிமேவுக்கும் பெரிய வித்தியாசம். தொடர்களில் பெரும்பாலும் பல நிறுவனங்கள் சேர்ந்த தயாரிப்புக் குழுவிடம் உரிமை இருக்கும். ஒரு பதாகை வரைவுக்கும் எல்லாரும் தலையசைக்க வேண்டும். மிகுவின் உருவம் ஒரே நிறுவனத்திடம், ஆனால் பாடல்கள் தனித்தனிப் படைப்பாளிகளுடையவை, ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி. பாடல் பட்டியலைக் கடைசிவரை மாற்றும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடு.

ரசிகர்களை மறக்காதே, நிகழ்ச்சியின் பாதி அவர்கள்தான். மிகுவுக்கு நீலப்பச்சை, அவளோடு மேடையேறும் மற்றக் குரல் பாத்திரங்களில் ரின்னுக்கு ஆரஞ்சு, லென்னுக்கு மஞ்சள், லுகாவுக்கு இளஞ்சிவப்பு, கைட்டோவுக்கு நீலம், மெய்கோவுக்குச் சிவப்பு என்று ரசிகர்கள் கையில் ஆட்டும் பென்லைட் என்ற விளக்குக் குச்சியின் நிறம் மாறும். புதிதாக வருபவருக்கு இது தெரியாமல் கூச்சமாக இருக்கும். நுழைவாயிலில் ஒரு அட்டை கொடு, கூடவே கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்பதையும் எழுது. கண்ணைக் கூசவைக்கும் ரசாயனக் குச்சிகளை முன்வரிசையில் தடுத்துவிடு, திரையில் பிரதிபலிக்கும். வேடமிட்டு வருபவர்களுக்கு உடைமாற்றும் அறையும், கைப்பொருள் நீளம் சோதிக்கும் மேசையும் வாசலிலேயே வை.

அரங்கின் குறுக்குவெட்டு வரைபடத்தை வாங்கியதும் அனுப்பு. திரைக்குப் பின்னால் எத்தனை மீட்டர் மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு, எந்த லென்ஸ் என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்