கோப்பையோடு ஸ்கோர் ஷீட்டையும் கொடுங்கள்

கடலூர் வட்டாரத்தில் கூடைப்பந்துத் தொடர் நடத்தும் அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

போன தொடரின் பெண்கள் இறுதியாட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நாங்கள் விவரிக்கத் தேவையில்லை. ஸ்கோர் போர்டில் ஒரு எண், மேசையில் எழுதும் ஸ்கோர் ஷீட்டில் வேறு எண். கடைசிக் குவார்ட்டரில் (ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில்) விழுந்த ஒரு ஷாட்டுக்கு இரண்டு புள்ளியா, மூன்றா என்பதுதான் சண்டை. தாளைப் பார்த்ததும் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் அது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி ஃபீல்டு கோல் (ஆட்டத்தின் ஓட்டத்தில் போடும் கூடை) விழுந்தால் ஓடும் ஸ்கோரில் (தாளில் வரிசையாக உள்ள மொத்த எண்களில்) புதிய மொத்தத்தின் மேல் சாய்கோடு போட்டு, பக்கத்துக் கட்டத்தில் போட்டவரின் ஜெர்சி எண்ணை எழுத வேண்டும். மூன்று புள்ளி என்றால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற ஷாட்) என்றால் சாய்கோட்டுக்குப் பதில் நிரப்பிய புள்ளி. நம் தாளில் முதல் குவார்ட்டரிலிருந்தே ஒரு வட்டம்கூடக் கிடையாது. 1, 3ஆம் குவார்ட்டர்களுக்குச் சிவப்பு, 2, 4ஆம் குவார்ட்டர்களுக்கு நீலம் அல்லது கறுப்பு என்று பேனா மாற வேண்டும். நாற்பது நிமிடமும் ஒரே நீலப் பேனாதான். முடிவில் யார் குரல் ஓங்கியதோ அவர்கள் பக்கம் தீர்ப்புப் போனது.

முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. ஜெயித்த பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தான். தோற்ற அணியின் கோச் தாளின் நகலைக் கேட்டபோது "ஒரே தாள்தான் சார் இருக்கு" என்று சொன்னீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறோம். ஸ்கோர் ஷீட் என்பதே ஒரு மூலமும் மூன்று நகல்களும் சேர்ந்ததுதான். ஃபீபா விதியில் வெள்ளை ஃபீபாவுக்கு, நீலம் நடத்துபவருக்கு, ரோஸ் ஜெயித்த அணிக்கு, மஞ்சள் தோற்ற அணிக்கு. கலர் தாள் கிடைக்காவிட்டால் கார்பன் வைத்து எழுதலாம். அதுவும் இல்லையென்றால் கையெழுத்தானதும் போனில் ஒரு படம் எடுத்து இரண்டு கோச்சுக்கும் அனுப்பலாம். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்: ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முறையாகத் தாள் எழுதுங்கள், அன்றைக்கே இரண்டு அணிக்கும் நகல் கொடுங்கள்.

இதோடு இன்னொன்றும் கேட்கிறோம்: காலிறுதியிலிருந்தாவது ஆட்டக்காரர் வாரியாகப் புள்ளிவிவரத் தாள். உங்கள் "சிறந்த ஆட்டக்காரர்" விருது எப்போதும் அதிகப் புள்ளி எடுத்தவருக்கே போகிறது; மேசையில் இருப்பது அந்த எண் ஒன்றுதான் என்பதால். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒருவர் 30 ஷாட்டில் 10 போடுகிறார், எல்லாம் இரண்டு புள்ளி, 6 ஃப்ரீ த்ரோவில் 4, 4 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடித்தது), 6 டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழந்தது). மொத்தம் 24 புள்ளி, கைதட்டல், கோப்பை. அதே அணியின் பாயின்ட் கார்டு (ஆட்டத்தை நடத்திச் செல்பவர்) 5 ஷாட்டில் 3 போட்டு 6 புள்ளி. ஆனால் 9 அசிஸ்ட் (கூடை விழ வைத்த பாஸ்), 5 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தது), 4 ரீபவுண்ட், 2 டர்ன்ஓவர். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் (எதிரணி ஷாட்டைத் தடுத்தது) எல்லாம் கூட்டி, தவறிய ஷாட், தவறிய ஃப்ரீ த்ரோ, டர்ன்ஓவரைக் கழிக்கும் எஃபிஷியன்சி கணக்கில் முதலாமவருக்குப் பூஜ்யம், இரண்டாமவருக்கு 20. அந்தப் பாயின்ட் கார்டு நாளை அணித் தேர்வுக்குப் போய் நின்றால், அவர் கையில் இருப்பது "பங்கேற்றார்" என்று எழுதிய சான்றிதழ் மட்டும்தான். ஆறு புள்ளிக்காரியைத் தேர்வாளர் ஏன் இரண்டாம் முறை பார்க்கப் போகிறார்?

1962 மார்ச் 2 அன்று அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில், அந்நாட்டின் தொழில்முறை லீக்கான என்பிஏவின் ஓர் ஆட்டத்தில் வில்ட் சேம்பர்லின் 100 புள்ளி எடுத்தார். அந்த ஆட்டத்துக்கு வீடியோ கிடையாது. ஆனாலும் 63 ஷாட்டில் 36, 32 ஃப்ரீ த்ரோவில் 28, ரீபவுண்ட் 25 என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. மேசையில் எழுத ஆள் இருந்தார்கள். அதே சேம்பர்லின் தன் காலம் முழுக்க எத்தனை ஷாட்டைத் தடுத்தார் என்று கேட்டால் அதிகாரபூர்வமான பதில் இல்லை. என்பிஏ பிளாக்கையும் ஸ்டீலையும் எண்ணத் தொடங்கியது 1973-74 சீசனில்தான், அவர் ஓய்வு பெற்ற பிறகு.

ஆள் இல்லை, செலவாகும் என்பீர்கள். அணிக்கு இரண்டு பேர் போதும்: ஒருவர் கண்ணைத் தாளுக்கு இறக்காமல் "ஏழு, ரெண்டு, மிஸ், பதினொண்ணு, அஃபென்ஸ் ரீபவுண்ட்" (ஏழாம் எண்ணின் இரண்டு புள்ளி ஷாட் தவறியது, அதே அணியின் பதினொன்றாம் எண் பந்தைப் பிடித்தார்) என்று சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். ஒரே ஆள் பார்த்து எழுதினால் ஃபாஸ்ட் பிரேக் என்னும் வேகமான எதிர்த்தாக்குதலில் இரண்டு நிகழ்வு கட்டாயம் விடுபடும். புதியவர்கள் வழக்கமாகத் தவறுவது சில இடங்களில்தான். ஷாட் போடும்போது ஃபவுல் வாங்கி, பந்து விழாவிட்டால் அது ஷாட் கணக்கில் வராது. பிளாக் ஆன ஷாட், போட்டவருக்கு மிஸ். அதன் ரீபவுண்டும் யாருக்காவது போக வேண்டும். ஸ்டீல் எழுதினால் எதிரணியில் ஒரு டர்ன்ஓவர் இருந்தே ஆக வேண்டும். அசிஸ்டைத் தாராளமாக வாரிக் கொடுக்கக் கூடாது. இடைவேளையில் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் பெரும்பாலான பிழை அங்கேயே சிக்கும்: ஆட்டக்காரர்களின் புள்ளியைக் கூட்டினால் ஓடும் ஸ்கோரோடு ஒத்துப்போகிறதா, எதிரணியில் எழுதிய ஸ்டீல் நம் அணியின் டர்ன்ஓவரைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

செலவைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறோம். நுழைவாயிலில் இருபது முகம் சிரிக்கும் ஃப்ளெக்ஸுக்குப் பணம் இருந்தது. பொன்னாடை வாங்கிய பிரமுகர்களின் பெயரும் பதவியும் ஒன்று விடாமல் நோட்டில் ஏறியது. அந்த நோட்டு பத்திரமாகவும் இருக்கிறது. பரிசளிப்பு மேடையில் மைக் ஒரு மணி நேரம் ஓய்ந்ததில்லை. நெய்வேலியிலிருந்தும், பெண்ணையாறு தாண்டிப் புதுச்சேரியிலிருந்தும் பஸ் ஏறி வந்த பிள்ளைகள் அதுவரை வியர்வை ஜெர்சியோடு வரிசையில் நின்றார்கள். இருபத்து நான்கு வினாடி ஷாட் கிளாக் (ஷாட் எடுக்க அணிக்கு மீதமுள்ள நேரத்தைக் காட்டும் கடிகாரம்) எங்கே என்று கேட்டால் யாரோ ஒருவர் செல்போனைத் தூக்கிக் காட்டுகிறார். சரி, அது வேறு கதை. இன்னொரு மடலில் பேசுவோம்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெயிலிலும் மழையிலும் தொடரை விடாமல் நடத்துகிறவர்கள் நீங்கள் என்பதை மறக்கவில்லை. அடுத்த தொடரின் அழைப்பிதழில், நுழைவுக் கட்டணத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்கும்படி பணிவோடு கேட்கிறோம்: "ஸ்கோர் ஷீட் நகல் அன்றே இரு அணிகளுக்கும் வழங்கப்படும்." புள்ளிவிவரம் எழுத ஆள் வேண்டுமென்றால் நாங்களே வருகிறோம். சாப்பாடு, பொன்னாடை எதுவும் வேண்டாம். நடுக்கோட்டுக்கு நேராக, பேச்சாளர் மேடை மறைக்காத இடத்தில் நான்கு நாற்காலி போடுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் மைதானங்களில் ஆடுபவர்களும் பயிற்சி தருபவர்களும்