நாணயச் சேகரிப்பாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டம் வழக்கம்போல இரண்டாம் ஞாயிறுகளில் நடந்தது. ஐப்பசிக் கூட்டம் மட்டும் மழையில் போயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

கூட்டங்களில் அதிக நேரத்தைத் தின்றது ‘எரர் காசு’தான், அதாவது அக்கசாலையில் அடிக்கும்போதே பிழையாகிப்போன காசு. அலைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, பாட்டி வீட்டு டப்பாவைக் கவிழ்த்து அள்ளிக்கொண்டு வந்தவர்கள் பலர். பெரும்பாலானவை அடிபட்ட காசுகள். கம்மல் வளையம் பற்றவைத்த தடத்தைக்கூட அச்சுப் பிழை என்று வாதாடினார்கள்.

ஓட்டைக் காலணா ஒன்று வந்தது. போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க, 1943 முதல் 1947 வரை நடுவில் துளையோடு அடித்த வெண்கலக் காசு. துளை வழக்கத்தைவிடப் பெரிது, அபூர்வம் என்றார் கொண்டுவந்தவர். லென்ஸ் வைத்தால் துளையின் உட்சுவரில் கோடு கோடாக அரம் போன தடம். யாரோ வாஷராகப் போட, போல்ட் நுழையும் அளவுக்கு அகலப்படுத்தியிருக்கிறார்கள்.

கோடு விழுந்த காசென்றால், அது மேடா பள்ளமா என்று முதலில் பாருங்கள். காசு அடிக்கும் அச்சு வெடித்தால் அந்த வெடிப்புக்குள் உலோகம் ஏறி, காசில் மேடாக நிற்கும். கீறல் பள்ளமாகத்தான் இருக்கும். ஓரத்தில் உலோகம் ஒதுங்கியும் கிடக்கும்.

பங்குனியில் வந்த விக்டோரியா காலணா உண்மையான சரக்கு. ஒரு பக்கம் ராணி புடைப்பாக. மறுபக்கம் அதே ராணி குழிவாக, இடவலம் மாறி. முன் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை, அதாவது உருவம் பதியாத வெறும் வட்டத் தகடு, அதன்மேல் அறைபட்டால் இப்படி வரும். அடுத்த மாதமே ‘எங்கிட்டயும் இருக்கு’ என்று இன்னொன்று வந்தது. அதில் குழிந்த எழுத்துகளுக்கு அடியில் பழைய உருவம் நசுங்கித் தெரிந்தது. இரண்டு காசைச் சேர்த்து வைஸில் வைத்து முறுக்கிய வேலை அது.

என் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தையில் பிறை வடிவில் ஓரம் குறைந்த ஜார்ஜ் காலணா ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். தகட்டில் வில்லை வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் ஏறினால் இப்படிக் குறையும். ஆனால் அப்படிக் குறைந்த வில்லையை உருட்டி விளிம்பை மேடாக்கும்போது, குறைக்கு நேர் எதிரே சரியான அழுத்தம் கிடைக்காது. அங்கே விளிம்பு மங்கலாக இருக்க வேண்டும். என் காசிலோ எதிர்ப்புற விளிம்பு கணீரென்று முழுசாக இருந்தது. எடை போட்டும் பயனில்லை, 4.86 கிராம் காசு, எப்படி வெட்டினாலும் குறையத்தானே செய்யும்?

அப்புறம், புளி போட்டுத் தேய்த்த காசுகளைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். தேய்த்த இடத்தில் தடயமும் போய்விடுகிறது.

அடிபட்ட காசுகளுக்கென்று ஒரு தட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். புதிதாகச் சேருபவர்கள் முதலில் அதைப் பார்க்கட்டும். முதல் குழியில் இருப்பது என் ஜார்ஜ் காலணா.

இப்படிக்கு,
செயலாளர்