மைசூர் வரைக்கும் ஜட்காவில்

அல்சூர், பெங்களூரு

மாப்ளே,

உன் கடிதம் வந்து நாலு மாசமாகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முதலில் இதைக் கேள். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை.

போன மாசம் நம் ஜட்கா பாயோடு மைசூருக்குப் போனேன். ஜட்காவிலேயே! இங்கே இனி சவாரி இல்லை என்று தன் குதிரை ராஜாவை மைசூர் மச்சானிடம் விட்டுவிட முடிவு செய்துவிட்டார். அங்கே சுற்றுலாக்காரர்களுக்காக இன்னும் டாங்கா ஓடுகிறது. லாரியில் ஏற்றினால் மிரளுவான், பூட்டியே ஓட்டிப்போகிறேன் என்றார். இந்த வயதில் அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

சுமார் 145 கிலோமீட்டர், ஆறு நாள். எக்ஸ்பிரஸ்வேயில் 2023 ஆகஸ்டிலிருந்து பைக், ஆட்டோவையே விடுவதில்லை, குதிரை வண்டியை எங்கே விடுவார்கள்? முழுக்க சர்வீஸ் ரோடுதான்.

தண்ணீர் கேட்பதுதான் பெரும்பாடு. நமக்கென்றால் ஒரு சொம்பு போதும். வெயிலில் வண்டி இழுக்கிற குதிரை ஒரு நாளைக்கு 40 லிட்டர்கூடக் குடிக்கும். முன்பின் தெரியாத வாசலில் நின்று மூணு பக்கெட் கேட்க வேண்டும். பிடதியில் எனக்கு வாயே எழவில்லை. அந்த வீட்டம்மா என்னைப் பார்க்கவே இல்லை. வியர்வை நுரைத்திருந்த ராஜாவின் கழுத்தைத்தான் பார்த்தார். உடனே மோட்டாரைப் போட்டு ஹோஸ் பைப்பை நீட்டினார். அவன் குடித்து முடித்த அப்புறம்தான் எங்களிடம் "ஊட்டா ஆய்த்தா?", சாப்பிட்டாச்சா, என்றார்.

மத்தூர் தாண்டியதும் முன்னங்கால் லாடம் ஆட ஆரம்பித்தது. ராஜா நொண்டினான். பாய் குளம்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார், மாப்ளே. கரும்பு ஏற்றிப்போன ஒருவர் வண்டியை நிறுத்தி, மாட்டுக்கு லாடம் அடிக்கிற பெரியவர் ஒருவரை வரவழைத்தார். மாட்டுக் குளம்புக்கு லாடம் இரண்டு துண்டு, குதிரைக்கு ஒன்றே. எனக்கு நம்பிக்கையில்லை. அவர் பழைய ஆணிகளைப் பிடுங்கி, குளம்பை அரத்தால் ராவி, அதே லாடத்தைப் பொருத்தினார். ஒவ்வொரு அடிக்கும் காதைச் சாய்த்துக் கேட்டார். ஆணி சதைப் பக்கம் போனால் சத்தம் மாறுமாம். காசு நீட்டினேன், கையைத் தள்ளிவிட்டார். அவர் அப்பா டாங்கா குதிரைகளுக்கு லாடம் கட்டியவராம். "குதிரைக் காலைத் தொட்டு ரொம்ப நாளாச்சு" என்றார்.

அன்று ராத்திரி ஒரு வெல்ல ஆலையில் படுத்தோம். ராஜாவுக்குக் கரும்புக் கொழுந்தாடை, எங்களுக்கு ராகி முத்தே, நம்ம களிதான்.

திரும்பி வந்ததிலிருந்து ஒன்று உறுத்துகிறது. 2024 கோடையில் டேங்கருக்கு அலைந்தோமே, அப்போது பாட்டிலில் தண்ணீர் கேட்ட டெலிவரிப் பையனை, கேட்டைத் திறக்காமலே, "இல்லப்பா" என்று அனுப்பியவன் நான். தொட்டியில் தண்ணீர் இருந்தது. இதை உன்னிடம் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

பாய் தினமும் காலி லாயத்தைப் பெருக்குகிறார். தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா? அவரையும் கூட்டிக்கொண்டு மைசூர் போகலாம், இந்தத் தடவை பஸ்ஸில். உங்கள் ஊர்க் கொள்ளு இரண்டு கிலோ கொண்டுவா. ராஜா அதைத்தான் ஆசையாகத் தின்பான்.

உன்
மாப்ளே